கோவிந்தம்மாளின் கீழுதடு

துணியை வெளுப்பதற்கு முன்னால் கோவிந்தம்மாள் அதற்கு ஒரு முத்தம் கொடுப்பாள் என்று ராயபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது முத்தமில்லை, சோதனை. பூவேலை செய்த இடத்தை எடுத்துக் கீழுதட்டின் மேல் மெல்ல இழுத்துப் பார்ப்பாள். வெறும் நூல் என்றால் உதட்டுக்கு ஒன்றும் தெரியாது. நூலோடு நூலாக வெள்ளியோ செம்போ ஒரு இழை ஓடினால் சில்லென்று ஒரு கோடு விழும். விரல்கள் எப்போதோ இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் காய்ப்பேறி மரத்துப்போய்விட்டன. உணர்ச்சி மிச்சமிருந்த இடம் அந்த உதடு ஒன்றுதான். பிழைப்பு முழுவதும் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

பனைமரத்தொட்டிப் பக்கம் ஒற்றை அறை வீடு. அவளுடைய சொந்தக்காரர்கள் எல்லாரும் துறையில் வேட்டியும் புடவையும் கல்லில் அடித்துப் பிழைத்தவர்கள். இவள் மட்டும் கல் பக்கம் போனதில்லை. பட்டு, சாட்டின், லேஸ் வைத்த கவுன், பாதிரியார்களின் பூசை அங்கி, ஷிபான் புடவை என்று தொட்டாலே கசங்குகிற சாமான்கள்தான் அவளிடம் வரும். 'நைஸ் கோவிந்தம்மா' என்று பெயர். பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்து, அந்த நுரையில் துணியைக் குழந்தையை முழுக்காட்டுவதுபோல முழுக்காட்டுவாள். பிழியமாட்டாள். துண்டில் சுருட்டி ஈரத்தை வாங்குவாள். கடல்காற்று அடிக்கிற நேரத்தில் வெளியே உலர்த்தமாட்டாள், உப்பு ஏறிவிடும். தரைக்காற்று அடித்தாலும் உலர்த்தமாட்டாள், ரயில் யார்டின் கரிப்புகை வந்து உட்கார்ந்துவிடும். ஆகையால் துணிகள் வீட்டுக்குள் கொடியில் தொங்கும். மனிதர்கள் வாசலில் இருப்பார்கள்.

அந்த மனிதர்களில் முதலாவது அவள் புருஷன் தாமோதரன். வெளுக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டுத் துறைமுகத்தில் கரி இறக்கப் போனவன். பொழுது சாய்ந்து வரும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும். தெருக்குழாயில் குளித்து வேறு வேட்டி கட்டினால்தான் வாசற்படி ஏறலாம்.

"இன்னாமே, கட்னவன் தெருவுல நிக்கிறேன், யாரோ போட்ட பாவாடை கட்டில்ல மல்லாந்துகினு கீது."

"பாவாடை கரி தூக்கல. குளிச்சிட்டு வா."

"அதுக்குப் பொறந்திருக்கணும்பா நானு. பட்டுப் பாவாடையா."

பிள்ளைகள் இல்லை. இந்தப் பேச்சுதான் அந்த வீட்டுக் கலகலப்பு.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த ஒரு தை மாதத்தில் ஃப்ளோரா வந்தாள். ரயில்வே காலனியில் இஞ்சின் டிரைவர் மகள், ஆங்கிலோ இந்தியப் பெண். அவளுடைய தாயார் உயிரோடு இருந்த காலத்தில் வீட்டு நைஸ் துணியெல்லாம் கோவிந்தம்மாளிடம்தான் வரும். தாயின் இடுப்பில் உட்கார்ந்து வந்த குழந்தை இன்று ஒரு தகரப் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு வந்து நின்றது.

"கோவிந்தம்மா, அடுத்த வாரம் எனக்கு கல்யாணம். தெரியுமில்ல?"

"ஊரே சொல்லுது மிஸ்ஸி. சீமைக்குப் போறீங்களாமே."

"கல்யாணம் முடிஞ்ச கையோட. பம்பாய்ல கப்பல். இனிமே இங்க வரமாட்டோம்னு நினைக்கிறேன்." பெட்டியைத் திறந்தாள். "இது மம்மியுது. இதப் போட்டுக்கினுதான் அவங்க கல்யாணம் பண்ணாங்க. டாடி யாரையும் தொடவே வுடல. இப்ப எடுத்துப் பாத்தா டீத்தண்ணி கலருக்கு வந்துடுச்சு."

ரசகற்பூர உருண்டை வாசனையோடு அந்தக் கவுன் வெளியே வந்தது. மவுண்ட் ரோட்டில் அந்நாளில் ஒரு வெள்ளைக்காரி தையல்கடை வைத்திருந்தாளாம். ஒருத்திக்குத் தைத்ததை இன்னொருத்திக்குத் தைக்கமாட்டாளாம். அவள் கைவேலை இது, கனத்த சாட்டின். தோளிலிருந்து மார்பு வரைக்கும் வெள்ளை நூலில் காம்பும் இலையுமாக லில்லிப் பூக்கள், தட்டையாக இல்லாமல் இதழெல்லாம் நிஜப்பூப்போல எழும்பி நின்றன. ஆனால் கவுன் முழுக்கப் பழைய வெண்ணெய் நிறம். மடிப்பு விழுந்த இடங்களில் இன்னும் மோசம்.

"மம்மி சமாதியில இருக்கிறாங்க. நான் அங்க போயிட்டா அந்த சமாதியும் இல்ல. இது ஒண்ணுதான்" என்றாள் ஃப்ளோரா. பிறகு, "வெள்ளையா வரும்ல?" என்றாள்.

கோவிந்தம்மாள் யாருக்கும் வரும் என்று சொன்னதில்லை. 'பாக்கலாம்' என்பதுதான் அவள் வாயிலிருந்து வருகிற அதிகபட்ச வாக்கு. அன்று என்னவோ, அந்தப் பெண்ணின் முகத்தில் தாயின் மூக்கைப் பார்த்துவிட்டாள்.

"வரும் மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன வாய் அன்றைக்கு வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்லில் குத்தல் தொடங்கி நாலைந்து நாளாகிவிட்டது. கஞ்சிகூட இறங்கவில்லை. துறைமுகத்தில் தாமோதரனோடு வேலை செய்கிற தோஸ்து பக்ருதீன், லவங்கத் தைலம் ஒரு சின்னச் சீசாவில் கொடுத்தனுப்பியிருந்தான். பஞ்சில் தொட்டுப் பல் இடுக்கில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சந்தோஷத்தில் ஈறு முழுவதும் தடவிக்கொண்டாள். பஞ்சு கீழுதட்டில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"சொர்க்கமா கீதுய்யா" என்றாள் புருஷனிடம்.

"பக்ருதீன்கிட்ட சொல்றேன். இன்னொரு சீசா தருவான். நீ பேசாம கீறதே எங்களுக்குச் சொர்க்கம்."

அந்தச் சுகத்தோடு கவுனை மடியில் விரித்தாள். லில்லிப் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து உதட்டில் இழுத்தாள். தோளில் இருந்தது, மார்பில் இருந்தது, இடுப்புக் கிட்டே இருந்தது, ஒன்றையும் விடவில்லை. எதிலும் சில்லிப்பு இல்லை. வெறும் பட்டுநூல் என்று முடிவு கட்டினாள்.

உலோகம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஏன் இத்தனை சோதனை என்றால், கந்தகப் புகைக்காகத்தான். பழுப்பேறிய வெள்ளைப் பட்டை எந்தச் சவர்க்காரமும் வெளுக்காது. கந்தகம் வெளுக்கும். தணலில் கந்தகத்தைத் தூவி, அதன் மேல் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் ஈரத்துணியை விரித்து, அதற்கும் மேல் நனைத்த கம்பளியைப் போட்டு மூடிவிட்டால், உள்ளே புகை அடைந்து பழுப்பைத் தின்றுவிடும். பழுப்பைத் தின்கிற அதே புகை வெள்ளியைக் கண்டால் கரியாக்கிவிடும். சரிகைக்கரை வைத்த துணி வந்தால் கோவிந்தம்மாள் கரையைத் தையல் பிரித்துத் தனியே எடுத்துவைத்துவிட்டுத்தான் புகை போடுவாள். பட்டும் வெள்ளியும் ஒரே கூடைக்குள் போகக்கூடாது. தொழிலில் அவள் கண்ட உயிர்ப்பயம் அது ஒன்றுதான்.

நுரையில் முழுக்காட்டி, நல்ல தண்ணீரில் அலசி, மறுநாள் கூடையைக் கவிழ்த்துப் புகை போட்டாள். பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த வேதமாணிக்கம் திருநெல்வேலிக்காரர். மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏ கோவிந்தம்மா, மறுபடியும் நரகத்தத் தொறந்துட்டியா? சீனி மூட்டையெல்லாம் நாறுது. வேதத்துல சொன்ன கந்தகத் தீ ஒன் வீட்டுக் கூடைக்குள்ளதான் இருக்குன்னு எங்க பாதிரி அய்யருகிட்ட சொல்லப்போறேன்."

"சொல்லுங்கண்ணே. அவரு அங்கியையும் நாந்தான் வெளுக்குறேன்."

கம்பளியை எடுத்தபோது அவளுக்கே மூச்சு நின்றது. கீறின தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை. மடிப்புக் கோடுகள்கூடப் போய்விட்டன. அந்தத் தாய்க்காரி மாதா கோவில் படியில் நின்ற அன்றைக்குக்கூட இவ்வளவு வெள்ளையாக இருந்திருக்குமா என்று நினைத்தாள். பூக்களின் ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு சாம்பல் சாயல் இருந்தது. ஈர நிழல் என்று எண்ணினாள். கொடியில் போட்டுவிட்டு, பல்லுக்குத் தைலம் வைத்துக்கொண்டு, நிம்மதியாகக் கஞ்சி குடித்தாள்.

காலையில் எழுந்து பார்த்தபோது கவுன் உலர்ந்திருந்தது. லில்லிப் பூக்கள் எல்லாம் கறுத்திருந்தன.

வெளியே இருந்த நூல் வெள்ளையாகத்தான் இருந்தது. அதற்கு அடியிலிருந்து கறுப்பு எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு இதழுக்குள்ளும் நரம்பு நரம்பாக, மெல்லிய தோலுக்குக் கீழே கெட்ட ரத்தம் ஓடுவதுபோல. கோவிந்தம்மாள் ஒரு பூவை எடுத்துக் கீழுதட்டில் இழுத்தாள்.

சில்லென்றிருந்தது.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. காலையில் இன்னும் தைலம் வைக்கவில்லை. சன்னலோரம் அந்தச் சின்னச் சீசா இருந்தது. உதடு மரத்துக் கிடந்ததை உதட்டாலேயே எப்படித் தெரிந்துகொள்வது? பல் தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கவுனுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலைக்குக் கிளம்ப நின்ற தாமோதரன் உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்ததும் அவன் வாயில் இருந்த கேலி போய்விட்டது.

"போவுமாமே?"

"தெரியல."

"புளி போட்டுத் தேச்சா? குத்துவிளக்குக்குப் போடுவியே."

"வெளிய இருந்தா தேய்க்கலாம். உள்ள கீது."

அவன் வேலைக்குப் போகவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு மண்ணடிக்கு நடந்தான். கவுனை வெள்ளைத் துணியில் சுற்றி அவள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பிணக்குழந்தையைத் தூக்கிப் போகிறார்கள் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்களே என்று அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

மண்ணடியில் ரஹீமுன்னிசா சரிகைப்பூ போடுகிறவள். நிக்காஹ் துப்பட்டாக்கள் அவள் வீட்டில்தான் பூக்கும். கோவிந்தம்மாள் பிரித்தெடுக்கிற சரிகைக் கரைகளைத் திரும்பத் தைத்துக் கொடுப்பதும் அவள்தான். கவுனை வெளிச்சத்தில் பிடித்து, ஊசியின் மழுங்கிய முனையால் ஒரு இதழைத் தட்டினாள்.

"உள்ள வெள்ளிக் கம்பி அக்கா. அது மேல பட்டுநூல நெருக்கமா சுத்திட்டாங்க. பூ நிமிர்ந்து நிக்கணும்னு பண்ணது. நல்ல கை. என் கைக்கு இது வராது."

"எலுமிச்சம்பழம்?"

"கம்பியத் தொட்டாதானே எலுமிச்சம்பழம். நூலு வுடுமா?"

"பிரிச்சி எடுத்துட்டு வேற போட்டா?"

ரஹீமுன்னிசா கவுனின் உள்மடிப்பில் யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில் ஒரே ஒரு தையலை அறுத்தாள். நூலோடு சாட்டினும் பிரிந்து, இலைபோலக் கிழிந்தது. பழைய துணி. அத்தனை வருஷம் பெட்டிக்குள் இருந்து உயிரைவிட்டிருந்தது. பூவை எடுத்தால் மார்புத் துணியே வந்துவிடும்.

"அது மேலயே வெள்ளை நூல்ல மூடித் தெச்சுக் குடுக்கலாம். ஒரு மாசம் குடுங்க, ராப்பகலா உக்காந்து பண்றேன்."

"நாளன்னிக்கு கல்யாணம்."

ரஹீமுன்னிசா கவுனை மடித்து, திரும்ப அதே வெள்ளைத் துணியில் சுற்றினாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

திரும்பி வரும் வழியில் தாமோதரன் ஒரு யோசனை சொன்னான். "இத பாரு. நான் கரி வேலைக்காரன். கறுத்ததுக்கு என்னைவிடப் பொருத்தமான ஆளு ராயபுரத்துல கிடையாது. நாந்தான் தெரியாம தொட்டுட்டேன்னு சொல்லிடலாம். அந்தப் பொண்ணு என்னத் திட்டிட்டுப் போவட்டும். உன் தொழிலு நிக்கும்."

கவுனை ஏந்தியபடி கோவிந்தம்மாள் முன்னால் நடந்தாள். வாயைத் திறக்கப் பல் விடவில்லை.

சாயங்காலம் ஃப்ளோரா வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள், கொடியில் தொங்கிய கவுனைப் பார்த்து அங்கேயே நின்றாள். தாமோதரன் முந்திக்கொண்டான்.

"மிஸ்ஸி, தப்பு என்னுதுதான். அவ மேல ஒண்ணியும் இல்ல. கரிக் கையோட வந்துட்டேன். சும்மா எப்டி கீதுன்னு தொட்டுப் பாத்தேன்."

ஃப்ளோரா பக்கத்தில் போனாள். ஒரு பூவை, பிறகு இன்னொரு பூவை, விரலால் தடவினாள். விரலில் கரி ஒட்டவில்லை.

"இலைய வுட்டுட்டு, காம்ப வுட்டுட்டு, ஒவ்வொரு பூவா பாத்துப் பாத்துத் தொட்டியா?"

தாமோதரன் தலையைக் குனிந்துகொண்டான். "கை அப்டிப் போயிடுச்சு" என்றான்.

அந்த நேரத்திலும் ஃப்ளோராவின் உதட்டோரம் சிரிப்பு ஒன்று வந்து போனது. அது போனதும் கண் நிறைந்துவிட்டது. கோவிந்தம்மாள் வீங்கிய வாயோடு நடந்ததைச் சொன்னாள். தைலத்தைச் சொன்னாள், வெள்ளிக் கம்பியைச் சொன்னாள், மண்ணடிக்குப் போனதைச் சொன்னாள். "வரும்னு சொன்னேன் மிஸ்ஸி. சொல்லியிருக்கக்கூடாது" என்றாள்.

ஃப்ளோரா திட்டியிருக்கலாம். திட்டினால் காலில் விழலாம் என்று கோவிந்தம்மாள் காத்திருந்தாள். அவள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. கவுனின் வெள்ளையான பாகத்தைப் பார்த்து, "மத்ததெல்லாம் எவ்ளோ வெள்ளையா வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் யாரும் எதிர்பாராதது நடந்தது. ஃப்ளோரா மறுபடியும் வந்தாள், கையில் வேறொரு கவுன். பெரம்பூரில் இருக்கிற சித்தப்பா மகளுடையது. பேப்பரில் சுருட்டிக் கொடுத்தனுப்பியதில் கசங்கிப் போயிருந்தது.

"வீட்ல எல்லாரும் தலை வாரிக்கினு நிக்கிறாங்க. ஒருத்தருக்கும் இதத் தொடத் தெரியல. தேச்சுக் குடு கோவிந்தம்மா."

கோவிந்தம்மாள் அதைக் கையில் வாங்கினாள். எடையே இல்லை. பட்டுமில்லை, பருத்தியுமில்லை. பிடித்தால் நழுவிற்று. "இது இன்னா துணி?"

"நைலான். புதுசா வந்திருக்கு. சிங்கப்பூர்லேருந்து வாங்கினாங்களாம்."

கேள்விப்பட்டிருக்கிறாள், தொட்டதில்லை. பக்கத்துத் தெருவில் யாரோ நைலான் புடவையில் இஸ்திரி வைக்கப் போய், துணி உருகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்த கதையையும் கேள்விப்பட்டிருக்கிறாள். பழக்கதோஷத்தில் கவுனின் ஓரத்தை உதட்டுக்குக் கொண்டுபோனாள். உதடு ஒன்றும் சொல்லவில்லை. அது எதைச் சொன்னாலும் இனி எப்படி நம்புவது? இஸ்திரிப்பெட்டியில் தணல் நிரப்பி, மூடி, கையில் எடுத்து, துணிக்கு மேலே கொண்டுபோனாள். அதற்குமேல் கை இறங்கவில்லை. மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் கை இறங்கவில்லை.

"என்னால ஆவாது மிஸ்ஸி. இதையும் பாழாக்கிட்டா நீ என்னத்தப் போட்டுக்கினு போவ?"

"நீ தேய்க்காட்டி வேற யாரு தேய்ப்பாங்க? நேரம் ஆயிடுச்சு."

"ஆவாது கண்ணு."

பல வருஷங்களுக்குப் பிறகு முதல்முறையாக மிஸ்ஸி என்று சொல்லாமல் கண்ணு என்று சொன்னாள். ஃப்ளோரா அவளைப் பார்த்தாள். பிறகு தலையில் சுற்றியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டு, "சரி, பெட்டியக் குடு. நீ சூட்ட மட்டும் பாத்துச் சொல்லு" என்றாள்.

கோவிந்தம்மாள் பாதித் தணலைக் கொட்டினாள். அடியில் தண்ணீர் தெளித்தால் சத்தம் வராத அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கோவிலுக்குக் கிளம்புகிற நேரத்தில், மணப்பெண் அந்த ஒற்றை அறையில் தரையில் மண்டிபோட்டுத் தன் கல்யாணக் கவுனைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் எதிரே உட்கார்ந்து துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. ஆறின பெட்டிக்குக் கசங்கல் பாதிதான் அசைந்தது. முதுகுப் பக்கம், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு மடிப்புக் கோடு போகவேயில்லை. ஃப்ளோரா அதைக் கவனிக்கவில்லை. கவனித்தவள் சொல்லவில்லை. சொன்னால் பெட்டியை இன்னும் சூடாக்கு என்பாள்.

ஃப்ளோரா எழுந்து நின்று கொடியைப் பார்த்தாள். "மம்மியுத மடிச்சுக் குடு. எடுத்துக்கினு போறேன்."

"இத்தயா?"

"இத்த வுட்டுட்டு எப்படிப் போறது?" கொஞ்சம் தயங்கி, "அங்க யாராவது இந்தக் கறுப்ப எடுப்பாங்களா கோவிந்தம்மா? லண்டன்ல?" என்று கேட்டாள்.

எடுப்பார்கள் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. ஒருமுறை சொன்னது போதாதா.

"தெரியல மிஸ்ஸி" என்றாள். வேறு யாருக்கும் இப்படிச் செய்யாத ஒரு காரியமாக, தன் முகூர்த்தப் புடவையின் முந்தானையைக் கிழித்து அந்தக் கவுனைச் சுற்றிக் கொடுத்தாள். வெள்ளிக்குக் காற்றுப் படாமல் இருந்தால் இதற்குமேல் கறுக்காது என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

மாதா கோவிலுக்கு எதிர்சாரியில் வேதமாணிக்கம் கடை ஆட்களோடு கோவிந்தம்மாளும் தாமோதரனும் நின்று பார்த்தார்கள். மணி அடித்தது. ஃப்ளோரா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். முன்னால் இருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் அழகாக இருந்திருக்கும். இவர்கள் நின்றது பின்பக்கம்.

"மிஸ்ஸி சோக்காத்தான் கீது" என்றான் தாமோதரன்.

கோவிந்தம்மாள் முதுகில் இருந்த அந்த மடிப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ளோரா படியேற ஏற அதுவும் கூடவே ஏறிக்கொண்டு போயிற்று.

அதற்குப் பிறகும் கோவிந்தம்மாள் நைஸ் துணிதான் வெளுத்தாள். வேறு தொழில் தெரியாது. பூவேலை வந்தால் மூன்று நாள் வைத்திருந்து, காலையும் மாலையும் உதட்டில் இழுத்து இழுத்துப் பார்ப்பாள். வாடிக்கையாளர்களுக்குப் பேஜாராக இருக்கும், சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். பல்வலி அவளை விடவேயில்லை, ஆனால் லவங்கத் தைலத்தை மறுபடி அவள் தொடவில்லை. பக்ருதீன் கொடுத்தனுப்பிய இரண்டாவது சீசா திறக்கப்படாமலே சன்னலோரம் இருந்தது. வலித்த பல்லெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தன. முன்பற்களும் போனபின் உதடு உள்ளே மடிந்துகொண்டது. அதை விரலால் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் துணியைச் சோதிக்கவேண்டியிருந்தது. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும்.

தாமோதரனோடு கடற்கரைப் பக்கம் போகும்போது, துறைமுகத்தில் புகை கக்கிக்கொண்டு வெள்ளைக் கப்பல் ஏதாவது நின்றால் கோவிந்தம்மாள் நின்றுவிடுவாள்.

"அந்தக் கப்பலு இங்க வராதுமே" என்பான் அவன். "அது பம்பாய்."

"தெரியும்" என்பாள். அப்புறமும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள்.